செம்புக்குடம் இருந்த வீட்டில் செம்புக் குறைவு

எங்கள் வீட்டில் செம்புப் பாத்திரத்துக்கு என்றைக்குமே குறைவில்லை. அம்மாவுக்குச் சீராக வந்த தவலை, கொல்லையில் வெந்நீர் போடும் அண்டா, சாமி அலமாரியில் தீர்த்தச் செம்பு, போதாக்குறைக்கு யார் வீட்டு வளைகாப்பிலோ தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்த செம்பு பாட்டில். ராத்திரி அந்தப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைக் குடித்து முடிப்பார் அப்பா. உடம்பில் செம்புச் சத்து அடியோடு இறங்கிவிட்டது என்று ரிப்போர்ட் வந்தது அவருக்குத்தான்.

நாச்சியார்கோயிலுக்கும் குடவாசலுக்கும் நடுவே எங்கள் ஊர். அப்பா விவசாயி, எழுபதைத் தாண்டியவர். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, குடியும் கிடையாது. 2021-இல் கொரோனா இரண்டாவது அலை அடித்தபோது ஊரே வைட்டமின் சி மாத்திரையும் ஜிங்க் என்கிற துத்தநாக மாத்திரையும் வாங்கி விழுங்கியதே, அப்போது அவரும் ஆரம்பித்தார். அலை ஓய்ந்ததும் மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். அப்பா நிறுத்தவில்லை. அந்த வருஷம் சளியே பிடிக்கவில்லை என்பது அவர் கணக்கு. மருந்துக்கடையில் காலி அட்டையைக் காட்டினால் புது அட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சீட்டு கேட்பதில்லை, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்பதில்லை. ஒரு மாத்திரையில் 50 மில்லிகிராம் துத்தநாகம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு உச்ச வரம்பே 40 மில்லிகிராம்தான். இப்படியே வருஷம் ஓடியது.

முதலில் வந்தது அசதி. பிறகு முகம் வெளுத்தது. ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள், ஏறவில்லை. ஊசியாகப் போட்டார்கள், அப்போதும் ஏறவில்லை. வீட்டில் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கறிவேப்பிலைப் பொடி என்று அம்மா தன் பங்குக்கு நடத்திக்கொண்டிருந்தாள். அதற்குள் பாதத்தில் மரத்துப்போன உணர்வு வந்துவிட்டது. “காலைக் கழுவின பின்னாடியும் சேறு ஒட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கும்மா” என்பார் அப்பா. நாற்று நடவு, அறுப்பு என்று ஆயுசு முழுக்க வரப்பில் நடந்த மனுஷர், பொழுது சாய்ந்தால் வரப்பை விட்டு வயலுக்குள் கால் வைக்க ஆரம்பித்தார். பகலில் ஒன்றும் தெரியாது. கிணற்றடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் மட்டும் ஆள் அப்படியே சாய்வார். தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முகம் கழுவ முடிந்தது.

வயசாச்சு என்றார்கள். வாதம் என்று தைலம் தேய்த்தார்கள். பி12 குறைவாக இருக்கும் என்று அதற்கும் ஊசி போட்டுப் பார்த்தாயிற்று. அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை, பணம் போனது, அவ்வளவுதான்.

தஞ்சாவூரில் ஒரு நரம்பு மருத்துவர்தான் முடிச்சைக் கண்டுபிடித்தார். அப்பாவை இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். கிணற்றடியில் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது. அதிர்வுக் கவையைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்து “அதிர்வு தெரியுதா ஐயா?” என்று கேட்டார். தெரியவில்லை. பிறகு பழைய ரத்த ரிப்போர்ட்டுகளை வரிசையாக மேஜையில் பரப்பினார். இரும்பு சரியாக இருக்கிறது, பி12-உம் சரியாக இருக்கிறது, சிவப்பணுவோடு சேர்ந்து வெள்ளையணுவும் ஏன் குறைகிறது என்பதுதான் அவர் கேள்வி. அவர் சொல்லும்வரை அந்த வெள்ளையணு எண்ணிக்கையை யாரும் கவனிக்கவில்லை.

“சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்து வைங்க.”

இரும்பு மாத்திரை, பி12, வாயு மாத்திரை எல்லாம் பையிலிருந்து வந்தன. ஜிங்க் மட்டும் வரவில்லை. “வேற எதுவும் இல்லையா?” என்று துருவியபோதுதான் அப்பா சொன்னார்: “அது மருந்து இல்லீங்க டாக்டர், சத்து மாத்திரை.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கே ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். செம்பு மிகக் குறைவு, செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதமும் குறைவு, துத்தநாகம் ஏகத்துக்கும் அதிகம். எம்.ஆர்.ஐ. படத்தில் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் பின்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. பி12 குறைவில் வரும் பாதிப்பைப் போலவே படத்திலும் நடையிலும் இது தெரியுமாம். அதனால்தான் பல பேருக்கு இது பி12 பக்கமே திசை திரும்பிவிடுகிறது. எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால் ரத்தப் புற்றுக்கு முந்தைய நிலை என்று குழப்பிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அப்பாவுக்கு அந்த ஊசி தப்பியது.

துத்தநாகம் செம்பை எப்படித் துரத்துகிறது என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். குடலின் உட்சுவர்ச் செல்களில் மெட்டலோதயோனின் என்ற புரதம் இருக்கிறது. துத்தநாகம் நிறைய வந்தால் குடல் இந்தப் புரதத்தை நிறையச் செய்கிறது. ஆனால் அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடச் செம்பைத்தான் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட செம்பு ரத்தத்துக்குப் போகாது. குடல் செல்கள் சில நாளில் உதிர்ந்து விழும்போது அவற்றோடு சேர்ந்து மலத்தில் போய்விடும். அப்பாவுக்கு அவர் பாஷையிலேயே நான் சொன்னேன்: தலைமடையில் திறந்த தண்ணீர் வயலுக்கு வராமல் நேரே வடிகாலில் விழுகிறது. அதற்குமேல் அவர் விளக்கம் கேட்கவில்லை.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை. எங்கள் ஊருக்குப் பக்கத்து நாச்சியார்கோயிலில் பட்டறை பட்டறையாகக் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. உலையில் அவ்வளவு சுமுகமாகக் கலக்கிற இரண்டும் குடலுக்குள் போனால் இப்படி முட்டிக்கொள்கின்றன.

பெரியவர் ஒருவரின் உடம்பில் இருக்கிற செம்பு மொத்தமே 50 முதல் 120 மில்லிகிராம். தினசரித் தேவை 0.9 மில்லிகிராம் என்கிறது அமெரிக்கக் கணக்கு. கர்ப்பிணிக்கு 1 மில்லிகிராம், பாலூட்டும் தாய்க்கு 1.3. இந்தச் சிட்டிகையை வைத்துக்கொண்டு உடம்பு செய்கிற வேலைகள் ஏராளம். இரும்பு மாத்திரை ஏன் அப்பாவுக்கு வேலை செய்யவில்லை என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. சேமிப்பில் கிடக்கும் இரும்பு ரத்தத்தில் ஏறிப் பயணம் செய்ய வேண்டுமானால் அதை வேறு வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். அந்த வேலையைச் செய்வது செருலோபிளாஸ்மின் போன்ற, செம்பை உள்ளே வைத்திருக்கும் புரதங்கள். செம்பு இல்லையென்றால் இரும்பு இருந்த இடத்திலேயே கிடக்கும். 1928-லேயே அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பாலை மட்டும் கொடுத்து வளர்த்த எலிகளிடம் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரும்பு மட்டும் கொடுத்தபோது அந்த எலிகளின் சோகை தீரவில்லை, கொஞ்சம் செம்பும் சேர்த்த பிறகே தீர்ந்தது. இது போக, ரத்தக்குழாய்க்கும் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் நாரைப் பின்னுவதற்கும், செல் உயிர்மூச்சு விடுவதற்கும், முடிக்கும் தோலுக்கும் கறுப்பு நிறம் தரும் மெலனின் உண்டாவதற்கும் செம்பு வேண்டும்.

அந்தக் கடைசி விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் செம்புத் தண்ணீர் குடித்தால் நரை மறையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வயதால் வரும் நரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்பாவுக்கு ரத்தத்தில் செம்பு பழையபடி ஏறிய பிறகும் தலை பஞ்சாகத்தான் இருக்கிறது.

சரி, செம்புப் பாட்டிலில் தினமும் குடித்த தண்ணீர் என்ன ஆயிற்று? இதை எல்லாரும் கேட்டார்கள். பெங்களூரில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், காலரா, டைபாய்டு கிருமிகள் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். கிருமிகளை அதற்குப் பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆக நம் பாட்டிமார் ராத்திரி செம்பில் தண்ணீர் பிடித்து வைத்தது வெறும் வழக்கமில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த செம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கும் குறைவு. குடிநீரில் 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், எனவே பயமில்லை. அதே சமயம் ஒரு லிட்டர் குடித்தாலும் தேவையில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். அப்பாவுக்கு அதுவும் வடிகாலில் போனது. செம்புக்குடம் தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் பாத்திரம். அதைச் சத்து மருந்தாக நினைப்பது வியாபாரிகள் கிளப்பிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் அதில் ஊற்ற வேண்டாம். எலுமிச்சம்பழச் சாறு, மோர், புளித்தண்ணி, ரசம் எதுவானாலும் புளிப்பு பட்டால் செம்பு அள்ளிக்கொண்டு கரையும். வயிறு புரட்டி வாந்தி எடுக்க வைத்துவிடும். அதனால்தான் நம் ஊர்ப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசினார்கள். சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வந்தால் நாங்கள் அங்கேயே குந்திவிடுவோம். தரையில் குழி பறித்துக் கரி போட்டு, துருத்தியை மிதித்து, அண்டாவைக் கவிழ்த்துச் சுடவைப்பார். சூடேறியதும் நிமிர்த்தி நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பி மூக்கில் ஏறும். ஈயக்குச்சியை உள்ளே இரண்டு இழுப்பு இழுத்து, பஞ்சால் ஒரே சுற்று துடைத்தால் மஞ்சள் பித்தளை கண்ணெதிரே வெள்ளியாக மாறும். இப்போது பழைய பித்தளை வாங்கிச் சமைப்பது மறுபடி நாகரிகமாகிவிட்டது. வாங்குகிறவர்கள் உள்பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பூசக் கொடுத்தால் வெள்ளீயம்தானா, காரீயம் கலந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காரீயம் விஷம்.

செம்பு கூடினாலும் ஆபத்து என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே பழைய கதை உண்டு. அப்பாவின் அத்தைக்கு இரண்டு குழந்தைகள் நடக்கிற வயதில் வயிறு ஊதி, ஈரல் கல்லாகி இறந்தன. மாந்தம், ஈரல் கட்டி, தோஷம் என்று என்னென்னவோ சொன்னார்களாம். அந்தக் குழந்தைகளுக்கு வந்தது இதுதான் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்தியக் குழந்தைகளின் ஈரல் சுருக்க நோய் என்று பெயர் பெற்ற ஒரு வியாதி அப்போது நாடு முழுக்க இருந்தது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பசும்பாலைச் சிசுவுக்குக் கொடுப்பதுதான் இதற்குப் பெரிய காரணம் என்று 1980-களில் புனே பக்கம் ஆராய்ந்த மருத்துவர்கள் காட்டினார்கள். பாலில் உள்ள புரதம் செம்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை வைத்தால் கரைவதைவிடப் பாலில் மிக அதிகம். எவர்சில்வர் வந்தது, நோயும் அநேகமாக மறைந்தது. பேரப்பிள்ளைக்குப் பாரம்பரியம் என்று பித்தளைப் பாலாடையும் செம்புக் குவளையும் தேடுகிற தாத்தா பாட்டிகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வில்சன் நோய் என்று இன்னொன்றும் இருக்கிறது. ஈரல் செம்பைப் பித்தநீரில் வெளியேற்ற முடியாமல் அது ஈரலிலும் மூளையிலும் தேங்குகிற பிறவிக் கோளாறு. பக்கத்து ஊரில் நன்றாகப் படித்த பையன் ஒருவனுக்குக் கையெழுத்து கோணி, பேச்சு குழறி, சுபாவமும் மாறிப்போனது. மனநிலை சரியில்லை என்று குணசீலம் பெருமாள் கோயிலில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருப்பதைப் பார்த்த கண் மருத்துவர்தான் நோயைச் சொன்னார். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் கோளாறு வந்தால்தான் இந்த நோய் வரும். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டுகிற நம் பக்கத்தில் அதற்கு வாய்ப்பு கூடுதல். ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் கட்டாயம் சோதிக்க வேண்டும், அவர்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்த நோய் உள்ளவர்கள் நான் கீழே எழுதப்போகிற சாப்பாட்டை எல்லாம் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. அதிசயம் என்னவென்றால், அப்பாவைக் கவிழ்த்த அதே ஜிங்க் இவர்களுக்கு மருந்து.

அப்பாவுக்கு ஜிங்கை நிறுத்தி, செம்பை மாத்திரையாகக் கொடுத்தார்கள். தனிச் செம்பு மாத்திரை எங்கள் பக்கத்துக் கடைகளில் இல்லை, சொல்லிவைத்துத்தான் வாங்கினோம். அளவை இங்கே எழுதவில்லை. அது ஆளுக்கு ஆள் மாறும், ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற மருந்து. இரண்டு மூன்று மாதத்தில் ரத்தம் தேறிவிட்டது. முகத்தில் களை வந்தது.

சாப்பாட்டை மாற்றியது அதற்குப் பிறகு. பாலிஷ் போட்ட அரிசியில் 100 கிராமுக்கு 0.2 மில்லிகிராம் அளவுக்குத்தான் செம்பு, பாலில் பேருக்குத்தான். மூன்று வேளையும் சோறும் மோருமாக ஓட்டுகிற வயதானவர்களைக் கவனிக்க வேண்டும். ஆனால் செம்பைத் தேடி டெல்டாக்காரர்கள் வெளியே போக வேண்டியதே இல்லை. தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்குள் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். கதிர் அறுத்த தாளுக்கு நடுவே அது தானாக முளைத்து வரும். அந்த உளுந்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் செம்பு. எள்ளில் 4 மில்லிகிராம். இரண்டு தேக்கரண்டி எள்ளுப் பொடியைச் சோற்றில் பிசைந்தாலே அன்றைய தேவையில் ஏறக்குறைய கால் பங்கு வந்துவிடும். நல்லெண்ணெயிலும் அந்தச் சத்து இருக்கும் என்று அம்மா நினைத்திருந்தாள். எண்ணெயில் அநேகமாக ஒன்றும் வராது. செக்கில் ஆட்டினால் தாதுச் சத்தெல்லாம் புண்ணாக்கோடு போய்விடும், மாடு சாப்பிடும். எள்ளை எள்ளாகவே சாப்பிட வேண்டும்: துவையல், உருண்டை, இட்லிப் பொடி. கொண்டைக்கடலைச் சுண்டல், கைப்பிடி முந்திரி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் இவையும் உண்டு. ஈரலில் செம்பு மிக அதிகம், வாரம் ஒருநாள் போதும்.

எனக்குப் பிடித்தது நண்டு. முத்துப்பேட்டைப் பக்கமிருந்து மீன்கார அக்கா கொண்டுவரும் கழி நண்டை உயிரோடு ஓடு பிளந்தால் சிவப்பாக ரத்தம் வராது. நிறமில்லாத நீர்தான் வரும். கொஞ்ச நேரம் காற்றுப்பட்டால் அதில் லேசாக நீலம் ஓடும். நமக்கு இரும்பு செய்கிற வேலையை நண்டுக்குச் செம்பு செய்கிறது, அதன் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது செம்புள்ள புரதம். இறாலும் அப்படித்தான்.

பாக்கிலும் செம்பு இருக்கிறதாமே, வெற்றிலை போட்டால் போச்சு என்று சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வாய்த் தோல் நார் நாராக இறுகி வாயே திறக்க முடியாமல் போவதில், கொலாஜனை இறுக்கும் அந்தச் செம்புக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. கொழுந்து வெற்றிலை விளைகிற சீமையில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

ரத்தம் தேறிய வேகத்தில் நரம்பு தேறவில்லை. மேற்கொண்டு கெடாமல் நின்றது, கொஞ்சம் மீண்டது, பாதத்தில் மரமரப்பு இன்னும் இருக்கிறது. மருத்துவர் இதை முதலிலேயே சொல்லிவிட்டார்: எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு மிஞ்சும். கால் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அப்பா நடக்கிறார். அதனால் ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு அணைப்பதில்லை. குதிகாலில் வார் வைத்த செருப்பு. வரப்பில் கையில் கம்பு. பொழுது சாயும் முன் வீடு திரும்பிவிட வேண்டும்.

இரும்பு கொடுத்தும் ஏறாத சோகை, கூடவே வெள்ளையணுக் குறைவு, பாதம் மரத்துத் தள்ளாட்டம். இவை சேர்ந்து வந்தால் செம்பையும் செருலோபிளாஸ்மினையும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எடை குறைக்கவோ புண்ணுக்கோ இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இது வரும். பல்செட்டை ஒட்டவைக்கும் பசைகள் சிலவற்றில் துத்தநாகம் உண்டு, அதை அள்ளிப் பூசியே இந்த நிலைக்குப் போனவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மருத்துவரிடம் போகும்போது டானிக், லேகியம், பொடி, சத்து மாத்திரை எதையும் விடாமல் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு கொடுக்கும் ஜிங்க் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது 14 நாளுக்கு அளந்து கொடுப்பது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 20. பேதி நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும், அதோடு நிறுத்திவிட வேண்டும்.